ராக்கியும் நாத்தனார் முடிச்சும்

என் தம்பி கையில் அந்த ராக்கியைப் பார்த்ததும் அது நான் செய்தது என்று தெரிந்துவிட்டது. கட்டிவிட்டது வேறொருத்தி என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. உறைத்தது என்றால் சும்மா இல்லை, உச்சி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது.

எங்கள் சிவகாசிப் பக்கம் ராக்கியை விசேஷம் என்று யாரும் நினைப்பதில்லை. எங்களுக்கு அது ஆர்டர். சித்திரை பிறந்ததும் ஏஜென்ட் வண்டியில் நூலும் ஜரிகையும் பாசியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்களுக்கு அப்போது இந்த வேலைதான். ஆனி முடிவதற்குள் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட வேண்டும். அது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்குப் போய், சாமி படம் அடித்த அட்டையில் ஏறி, பாலித்தீன் கவருக்குள் புகுந்து, வடக்கே லோடு போய்விடும். அங்கே ஆவணிப் பௌர்ணமியன்று அக்கா தங்கச்சிகள் அண்ணன் தம்பி கையில் அதைக் கட்டுவார்கள் என்பதே ஏஜென்ட் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பட்டாசு ஆபீஸில், ஃபாக்டரியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், வெடிக்குச் சணல் சுற்றினவள். பிள்ளை பிறந்த பிறகு, அந்த வேலைக்கு இனிமேல் போகவே கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வேலையை விட்டாலும் கை விடுமா? ராக்கி நுனியில் மற்றவர்கள் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்துவார்கள். என் கை மூன்றாவது சுற்றையும் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். நூல் வீணாகிறது என்று ஏஜென்ட் கத்துவார். கத்திவிட்டுப் போகட்டும். எந்தக் கைக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று கோர்த்து உருவாஞ்சுருக்குப் போடுவோம். ஒரு பக்கம் இழுத்தால் இறுகும், மறுபக்கம் இழுத்தால் தளரும். பேசிக்கொண்டே போடுவேன், பிள்ளையைத் திட்டிக்கொண்டே போடுவேன். கண் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த மூன்று சுற்றைத்தான் தம்பி கையில் பார்த்தேன். பிரஸ்ஸில் வேலை முடிந்து வருகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு, வாசலில் நின்று சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான். சிவப்பும் மஞ்சளுமாக மணிக்கட்டில் மின்னியது.

“இது எங்கனலே வாங்குன?”

“வாங்கலக்கா. எங்க பிரஸ்ல பேக்கிங்ல ஒரு புள்ள வேல பாக்குது. பீகாரு. அதுதான் கட்டுச்சு. இன்னைக்கு அவுகளுக்கு விசேசமாம்.”

“விசேசம்னா அவ புருசனுக்குக் கட்ட வேண்டியதுதான?”

“புருசனுக்குக் கட்ட மாட்டாகக்கா. அண்ணனுக்குத்தான் கட்டுவாக.”

அண்ணன்! இவன் எப்போது அவளுக்கு அண்ணன் ஆனான்? பிறந்ததில் இருந்து என் இடுப்பில் உட்கார்ந்தே பாதி ஊரைப் பார்த்தவன் இவன். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். பல் விளக்கிவிட்டதும், தலை சீவிவிட்டதும், பள்ளிக்கூடத்தில் இவனை அடித்தவன் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டதும் நான்.

“அவளுக்குக் கூடப்பொறந்தவக யாரும் இல்லையாக்கும்?”

“மூணு அண்ணன் இருக்காகளாம். இந்த வருசம் போக முடியல. இங்கன காலண்டர் சீசனு ஆரம்பிச்சிருச்சுல்ல, லீவு கெடைக்கல.”

மூன்று அண்ணன் இருக்கிறவளுக்கு என் ஒற்றைத் தம்பி எதற்கு? இதை நான் வாய்விட்டே கேட்டேன், அது என் கையால் செய்த ராக்கி என்பதையும் சொன்னேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, ராக்கி எப்படிக் கிடைத்தது என்றும் சொன்னான். அட்டை கிழிந்துபோனதால் கழித்துப் போட்ட பீஸாம். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். என் விரல் நோகச் செய்ததை, ஓசியில் வாங்கி, என் தம்பிக்கே கட்டியிருக்கிறாள். நானோ அத்தனை மாதம் மடியில் போட்டு அத்தனை ராக்கி செய்தவள், ஒன்றை எடுத்து அவன் கையில் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டாசு செய்கிறவள் தினமும் வீட்டு வாசலில் வெடித்துக்கொண்டா இருக்கிறாள்?

போகட்டும் என்று விட்டிருப்பேன். அடுத்த வாரமே அம்மா வந்து, தம்பி அந்தப் பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான் என்று பெருமையாகச் சொன்னாள். கட்டினவளுக்கு அண்ணன் ஏதாவது செய்ய வேண்டுமாம். சேலை எடுத்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. அவனே கடைக்குப் போய், அவனே நிறம் பார்த்து எடுத்தானாம். எனக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு வருகிற சேலை அம்மா எடுப்பது. இவன் பையைத் தூக்கிக்கொண்டு வருவதோடு சரி.

“என்ன கலரு?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“மாம்பழ மஞ்சள்ல பச்ச பார்டரு. அம்சமா இருக்கு புள்ளைக்கு.”

எனக்குப் பொறாமைதான். வேறு பெயரெல்லாம் வைத்து அதை நான் மூடப் போவதில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு ராக்கி செய்தேன். மிச்சம் கிடந்ததில் நல்ல பாசியாகப் பொறுக்கி, ஜரிகையை அடர்த்தியாகச் சுற்றி, நடுவில் குஞ்சம் வைத்து. ஏஜென்ட் பார்த்திருந்தால் அழுதிருப்பார், அவ்வளவு நூல். சாயங்காலம் தம்பி வந்ததும், “கைய நீட்டுலே” என்றேன். நீட்டினான். இடது கையை.

“எதுக்குலே எடது கை?”

“வலது கையிலதான் அது இருக்குல்லக்கா.”

“அத அவுத்துப் போடு.”

“தானா அறுந்து விழுற வரைக்கும் அவுக்கக் கூடாதாம்.”

“எடது கையி எவளுக்கு வேணும்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் அந்த ராக்கி அவன் பைக் கண்ணாடியில் தொங்குகிறது. “இங்கன கட்டுனா நல்லா இருக்குக்கா, ஊரெல்லாம் பாக்கும்” என்கிறான் மடையன். அவனுக்கு எதுவுமே விளங்கவில்லை. விளங்காத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

இதற்கெல்லாம் நடுவில் அவனுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. ஆவணியில் கடைசி முகூர்த்தம். பெண் வெம்பக்கோட்டைப் பக்கம், காடு கரை உள்ள குடும்பம். எங்கள் பக்கம் தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. அடுத்த இரண்டும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ பின்னால் நின்று போட வேண்டியது. நாத்தனார் முடிச்சு என்பார்கள். இவன் அரைஞாண் கயிறோடு ஓடித் திரிந்த காலத்தில் இருந்தே எனக்கு அது பாத்தியப்பட்டது. அவன் மேல் எனக்கு இருக்கிற உரிமையை ஊர் கூடிப் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவன் இன்னொருத்தி வீட்டுக்காரன்.

ஒரு நாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“யக்கா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவம் வர்ற மாதிரி கேட்டா வரத்தான் செய்யும். கேளு.”

“ஒனக்கு ரெண்டு முடிச்சு இருக்குல்ல. அதுல ஒண்ண அந்தப் புள்ள போடட்டுமா? தங்கச்சின்னு கட்டிருச்சு. ஊரு விட்டு ஊரு வந்து கெடக்கு, சந்தோசப்படும்.”

கையில் தோசைக் கரண்டி இருந்தது. அவன் நல்ல நேரம், நடுவில் அடுப்பும் இருந்தது.

“ஏலே, நாத்தனா முடிச்சு என்ன பஸ்ஸு சீட்டாலே, கொஞ்சம் தள்ளி ஒக்காருன்னு சொல்றதுக்கு? அவ கயித்தத் தொட்டா நான் மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

தோசை கருகியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். மத்தியானம் அம்மா வந்தாள். “ஏ புள்ள, ஒரு முடிச்ச விட்டுக் குடுத்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது? அதுவும் பாவந்தான?” என்றாள்.

“ஒனக்கு மகளாப் பொறந்தவ நானா, அவளா?” என்று கேட்டேன். அம்மா என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி அவளையும் அவள் புருஷனையும் அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். நானும் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன். ஒல்லியாக, என்னைவிட வயதில் சின்னவளாக இருந்தாள். அந்த மாம்பழ மஞ்சள் சேலைதான் கட்டியிருந்தாள். அம்மா சொன்னது சரி, அம்சமாகத்தான் இருந்தது. பிரஸ்ஸில் கற்றுக்கொண்ட தமிழ் அவளுக்கு. “அம்மா, எம்புட்டு சோறு வைக்கிறீக, வயிறு பத்தாது” என்றாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் பிறந்ததில் இருந்து இந்தத் தமிழைத்தான் பேசுகிறேன், ஒரு நாளாவது யாருக்காவது புரையேறியதா?

சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தம்பி கையைக் காட்டி, “அக்கா, நீங்க செஞ்சதுன்னு அண்ணன் சொன்னாரு. எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒங்களக் கேட்டுட்டுக் கட்டியிருப்பேன்” என்றாள்.

திமிராகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். “அதுக்கென்ன” என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன். ஏற்கனவே கழுவின கை.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். பெண்ணுக்குப் பின்னால் நின்று ஒருத்தி கைவிளக்குப் பிடிக்க வேண்டும். அதுவும் கூடப்பிறந்தவள் முறையில் செய்வதுதான். “வெளக்க அவ பிடிக்கட்டும், முடிச்சு ரெண்டும் எனக்கு” என்றேன். தம்பிக்கு ஒரே சந்தோஷம். அக்கா மனசு வந்து விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டான். விளக்கைக் கையில் கொடுத்துவிட்டால் அவள் கை கயிற்றுப் பக்கம் வராது என்பது என் எண்ணம். இதை நான் வெளியில் சொல்லவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் தடவிய கயிறு, அதே வலது கையில், அந்த ராக்கிக்குப் பக்கத்திலேயே. ராக்கி நூல் சாயம் போய் வெளுத்திருந்தது. இன்னும் அறுந்து விழவில்லை. அறுந்து விழாதபடி செய்தவளும் நான்தான். யாரை நோவது?

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். தம்பியோடு பிரஸ்ஸில் வேலை பார்க்கிற பையன்கள் வாசலில் சரவெடியை நீளமாக விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் விளக்கோடு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தச் சேலையேதான். கெட்டிமேளம் கொட்டியது, வாசலில் சரம் வெடித்தது, தம்பி தாலியைக் கழுத்தில் ஏற்றி, அவசர அவசரமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் கயிற்றின் இரண்டு நுனியையும் வாங்கிக்கொண்டேன்.

என் கண் கயிற்றில் இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் மேல் இருந்தது. விளக்கை ஒரு கையில் மாற்றிவிட்டு இன்னொரு கையை நீட்டிவிடுவாளோ, பேருக்காவது கயிற்றைத் தொட்டுவிடுவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டு என் இரண்டு முடிச்சையும் போட்டு முடித்தேன். அவள் அசையவே இல்லை. விளக்குக்குக் காற்றுப் படாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அட்சதை வந்து விழுந்தது. ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது எனக்கு.

குங்குமம் வைத்துக்கொள்ளப் பெண் முன்னால் குனிந்தாள். மாலையின் கனம் முன்பக்கம் இழுத்தது. அவள் பிடரியில் மஞ்சள் கயிறு மெல்ல நகர்வதைப் பார்த்தேன். முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஐயோ! மாதக் கணக்கில் பழகின கை, நான் பார்க்காத நேரத்தில் தாலிக்கு உருவாஞ்சுருக்கைப் போட்டிருந்தது. தம்பியின் முடிச்சும் ஒப்புக்குப் போட்ட முடிச்சு, அதுவும் பிரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை குனிந்தால் தாலி மடியில் விழும். ஊர் கூடி நிற்கிற மண்டபத்தில், பெண்ணைப் பெற்றவர்கள் கண் முன்னால், கட்டின கையோடு தாலி கழன்று விழுந்தால் அந்தப் பெண்ணும் என் தம்பியும் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டும். நான் மரம் மாதிரி நின்றேன்.

“அக்கா, இதப் பிடிங்க.”

விளக்கு என் கைக்கு வந்துவிட்டது. அவள் பெண்ணின் சடைப் பூவைச் சரிசெய்கிறவள் போல ஒரு கையால் ஒதுக்கினாள். பூவுக்குக் கீழே விரல்கள் வேலை செய்தன. என் சுருக்கை உருவி, நுனிகளைச் சேர்த்து, ஒன்று, இரண்டு என்று இறுக்கினாள். பிறகு பூவை மேலே இழுத்து விட்டாள். பெண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. பூ சரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு, என் தம்பி பெண்டாட்டிக்கு வேறொருத்தி நாத்தனார் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடித்ததும் விளக்கை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பந்தியில் பெண்ணின் அம்மா மகளுக்குத் தலைப்பூவைச் சரிசெய்யும்போது கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். “எம்புட்டு இறுக்கமா விழுந்துருக்கு முடிச்சு! ஒங்க கை ராசியான கை தாயி” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்கள். தம்பிக்கு முகமெல்லாம் பல். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்து, “பாத்தியா தங்கச்சி, எங்கக்கா முடிச்ச? நீயும் ஒண்ணு போடணும்னு நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒனக்கு இப்படி வருமா?” என்றான்.

நான் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டேன். இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன்.

“எனக்கு எப்பிடிண்ணே வரும்? அக்கா கை அது” என்றாள். சொல்லிவிட்டுக் குனிந்து பாயசத்தைக் குடித்தாள். என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், ஓரமாக ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால், அவளை வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் அவள் வழி விடவில்லை.

தம்பியைப் பங்கு போட வந்தவள் என்றுதான் அதுவரை அவள் மேல் எனக்குப் பொறாமை. அன்றைக்கு அந்தப் பந்தியில், அவள் தலையைக் குனிந்து பாயசம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவனுக்கு இவளே கூடப்பிறந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றிவிட்டது. பாவி மகள், அதை என்னையே நினைக்க வைத்துவிட்டாளே என்பதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.